இன்று நான்கு தடவை நினைத்தீர்கள்

மே 11, ஞாயிறு. இரவு 11.50

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். செரி இப்போதுதான் தூங்கினாள். கையெழுத்து கோணலாக இருந்தால் அது குளிரால். ஊட்டிக்குப் பக்கத்தில் இந்தக் கேத்தியில் மே மாதத்திலும் இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது. நான் ஒன்றுதான் எடுத்துவந்தேன், அது அவள்மேல் இருக்கிறது.

இந்த நோட்டு முகாமில் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒன்று. "வரமுடியாமப் போனவங்க ஒருத்தராவது எல்லா வீட்டுலயும் இருப்பாங்க. அவங்களுக்குத் தினமும் எழுதுங்க" என்றார்கள். யாருக்கு எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. உங்கள் கப்பல் இருபதாம் தேதி சிங்கப்பூர் வந்ததும் போனுக்கு சிக்னல் கிடைக்கும் அல்லவா, அதற்குள் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிவிடுவேன்.

இது ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டல். லீவு என்பதால் ஒரு வாரத்துக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பதினான்கு குடும்பம், பதினொரு வியாதி. எல்லாம் நரம்பு சம்பந்தப்பட்டவை, எல்லாம் யாரும் கேள்விப்படாதவை. தூத்துக்குடியில் ரெட் சிண்ட்ரோம் என்று சொன்னால் "ரெட்டுன்னா சிவப்பா?" என்பார்கள். இங்கே சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, "ரெட்டா? கை கழுவுற மாதிரி பண்ணிக்கிட்டே இருப்பாங்களே, அதுதானே?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

எங்களுக்குத் துணையாக விட்டிருப்பது கோகிலவாணி என்ற பெண். பொள்ளாச்சி. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள்.

"ஏனுங்க்கா, பாப்பா பேரு?"

"செரீனா. வீட்டுல செரின்னு கூப்பிடுவோம்."

"செரிங்க்கா."

செரி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, உன்னையக் கூப்பிடலீங்க சாமி! எங்கூர்ல சரிங்கறதையே செரின்னுதான் சொல்லுவோம்."

பையை எங்கே வைக்க என்றால் செரிங்க்கா, சுடுதண்ணீர் வேண்டும் என்றால் செரிங்க்கா. ஒவ்வொன்றுக்கும் நம் பிள்ளையின் தலை திரும்புகிறது. சாயங்காலத்துக்குள் முப்பது தடவையாவது இருக்கும். கழுத்துக்கு நல்ல எக்சர்சைஸ் என்கிறாள் கோகிலா.

சாப்பாடு நன்றாகவே போகிறது. மதியம் ரசம் சோற்றைக் கரைத்து ஒன்றேகால் மணி நேரம். இரவு இட்லியைப் பாலில் பிசைந்து ஒன்றரை மணி நேரம். வழக்கம்போல அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய். சொந்தக்காரர்கள் எல்லாரும் தீர்ந்து, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, பால்காரர், ரொட்டி வண்டிக்காரர் வரைக்கும் வந்த பிறகுதான் கிண்ணம் காலியானது. உங்கள் வாயை மட்டும் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

நடுவில் நாலு தடவை புரை ஏறியது. ஒவ்வொரு தடவையும் உச்சியில் தட்டி, "அப்பா நினைக்கிறாங்க" என்றேன். இருமி முடித்ததும் கண்ணை அகல விரித்துச் சிரித்தாள். ஆக, இன்று நான்கு தடவை நினைத்தீர்கள். இன்ஜின் ரூமில் வேலை ஒன்றும் இல்லையா?

ஜூன் ஒன்பதாம் தேதியைப் பற்றி இங்கே நான் யோசிக்கப் போவதில்லை. "வாயால சாப்பிடுற பிள்ளைக்கு எதுக்கு வயித்துல ஓட்டை போட்டு டியூப் வைக்கணும்? நான் வர்ற வரைக்கும் எதுக்கும் தலையாட்டாத" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். மதுரை டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேண்டாம் என்று ஒரு போன் செய்தால் முடிந்தது.

மே 12, திங்கள். இரவு 11.15

காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை பார்த்தார்கள். 11 கிலோ 400. இங்கே உள்ள மெஷின் பழசு.

முகாமில் ஒரு விதி உண்டு. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் கோகிலா மாதிரியானவர்களிடம் இருப்பார்கள். அம்மாக்கள் தோட்டத்துக்குப் போகவேண்டும், டீ குடிக்கவேண்டும், பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது. நாங்கள் ஒன்பது அம்மாக்கள் வட்டமாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேறு என்ன பேசுவது? கடைசியில் மேலப்பாளையத்து நிஷா அக்காதான் ஆரம்பித்தார்கள்.

"ஊட்டிக்குப் போறேன்னு சொன்னதும் எங்க கொழுந்தியா கேக்கா, 'மதினி, வீட்டுலயும் ஊட்டுதிய, அங்க போயும் ஊட்டுதியளா'ன்னு."

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் நான் பாத்ரூமுக்கு என்று எழுந்து வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கோகிலா செரியைத் துணி ஊஞ்சலில் வைத்து ஆட்டினாள். நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்தினாள். பிறகு இரண்டு அட்டைகளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒன்றில் பச்சை வட்டம், இன்னும் வேண்டும். இன்னொன்றில் சிவப்பு வட்டம், போதும். செரி எதைக் கண்ணால் பார்க்கிறாளோ அதுதான் பதிலாம்.

அவள் சுவரைப் பார்த்தாள், கோகிலாவின் கம்மலைப் பார்த்தாள், பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். பிடிபட்டுவிட்டேன்.

"அக்கா, டீ ஆறிப்போயிருமுங்க" என்றாள் கோகிலா, திரும்பாமலே.

ஐந்து தடவை நினைத்தீர்கள்.

மே 13, செவ்வாய்

துணி காயவே இல்லை. நான்கு சட்டையையும் ஹீட்டர் மேல் போட்டிருக்கிறேன். செரிக்குப் பச்சை அட்டை பிடிபட்டுவிட்டது. ஊஞ்சல் நின்றதும் பளிச்சென்று அதைப் பார்க்கிறாள். மூன்று தடவை நினைத்தீர்கள்.

மே 14, புதன். இரவு 12.10

இன்று பார்த்ததை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நிஷா அக்காவின் மகன் சுஹைலுக்கு ஒன்பது வயது. மூளையின் வெள்ளைப் பகுதி கரைந்துகொண்டே போகிற வியாதி. அவனுக்கு வயிற்றில் டியூப் இருக்கிறது. நான் மூன்று நாளாக அவர்கள் மேஜைப் பக்கமே போகவில்லை, உங்களிடம் மறைப்பானேன். இன்று சாப்பாட்டு அறையில் வேறு இடம் இல்லை.

அக்கா அவன் சட்டையைக் கொஞ்சம் தூக்கினார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். ஒரு பெரிய சிரிஞ்சை அதில் மாட்டி, மிக்சியில் அடித்த சோற்றுக் கஞ்சியை ஊற்றினார்கள். அது தானாக இறங்கியது. அக்கா ஒரு கையால் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் பிரியாணியைச் சாப்பிட்டார்கள். சுஹைல் என் செரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன்.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, சுண்டுவிரலில் அல்வா தொட்டு அவன் நாக்கில் தடவினார்கள். அவன் முகம் முழுக்க வாயானது.

"வயித்துக்குக் கஞ்சி, வாய்க்கு அல்வா. மகராசன் வாழ்க்கை வாழுதான்" என்றார்கள். பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தார்கள். "ஏட்டி, நீ எப்பம் சாப்பிடுவ?"

"இவ முடிச்சதும் சாப்பிடுவேன்க்கா."

"அதான் எப்பம்?"

சாதம் ஆறி, அதன்மேல் ஆடை படிந்திருந்தது.

"பேரு செரி. ஆனா செரிக்கத்தான் மாட்டேங்கு, என்ன?" என்று செரியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். கேலிதான். செரிகூடச் சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. "அவ நல்லா சாப்பிடுவாக்கா" என்றேன். என் குரல் பக்கத்து மேஜைக்குக் கேட்டிருக்கும்.

ஆறு தடவை. ஏன் இன்று இவ்வளவு நினைத்தீர்கள்?

மே 15, வியாழன். நேரம் பார்க்கவில்லை

உங்களிடம் சொல்லாத மூன்று விஷயங்களை இன்று எழுதப்போகிறேன். அதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

இன்று மதியச் சாப்பாட்டின்போது டாக்டர் சங்கமித்திரை எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எப்படி விழுங்குகிறார்கள் என்று பார்க்கிற டாக்டர். நான் ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கோகிலா இரண்டு அட்டைகளையும் காட்டினாள்.

முதல் வாய்க்குப் பிறகு பச்சை. இரண்டு, பச்சை. மூன்று, நான்கு, ஐந்து, பச்சை. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்று டாக்டர் பார்க்கட்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாவது வாய்க்குப் பிறகு சிவப்பு.

"கை மாத்திப் பிடி கோகிலா, வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கு" என்றேன். மாற்றினாள். சிவப்பு. மறுபடி மாற்றினாள். மறுபடி சிவப்பு. கண்ணை எடுக்கவே இல்லை.

கிண்ணத்தில் முக்கால்வாசி இருந்தது. நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். "இது அப்பாவுக்கு ஒரு வாய்" என்றேன்.

அவள் சிவப்பு அட்டையையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

டெரன்ஸ், அதை நான் எப்படி எழுதிக் காட்டுவேன் என்று தெரியவில்லை. கண் போதும் என்கிறது. வாய் உங்களுக்காகத் திறக்கிறது. நான் ஊட்டிவிட்டேன். அத்தைக்கு ஒன்று என்றேன், அதற்கும் திறந்தாள். ஸ்டெல்லாவுக்கு ஒன்று என்றேன். கோகிலா, "அக்கா…" என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் புரை ஏறியது. கை தானாக அவள் உச்சிக்குப் போனது. "அப்பா நினைக்கிறாங்க, அப்பா நினைக்கிறாங்க."

"என்ன சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டார்கள். அவர்கள் டெல்லியில் வளர்ந்தவர்களாம், தெரியவில்லை. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வோம், இவளுக்கு எப்போதும் அவள் அப்பாதான் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைப்பாரு?"

நோட்டைக் காட்டினேன். நான்கு, ஐந்து, மூன்று, ஆறு.

"இதுக்கு முன்னாடி?"

வீட்டுக் காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். நீங்கள் நவம்பரில் கப்பல் ஏறிய நாளிலிருந்து. திரும்பி வந்ததும் உங்களுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "ஜெசிந்தா, நீங்க வச்சிருக்கிறது ரொம்ப நல்ல ரெக்கார்ட். இவ்வளவு சரியா எந்த அம்மாவும் எழுதினதில்லை. ஆனா ஒவ்வொரு கோடும், சாப்பாடு வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்க்குப் போன ஒரு தடவை. கொஞ்சம் கொஞ்சமா அது நுரையீரலுக்குப் போகுது. சளி புடிச்சிருக்குமே?"

முதல் விஷயம். ஜனவரியில் அவளுக்கு வந்தது சளி இல்லை. நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதில் இரண்டு நாள் ஐசியூ. நீங்கள் போன் செய்தபோது பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறதே என்றீர்கள், மிக்சி என்றேன்.

இரண்டாவது. இங்கே உள்ள மெஷின் பழசு இல்லை. மதுரை மெஷினும் அதையேதான் சொன்னது. பதினான்கு கிலோ என்று நான் உங்களுக்குச் சொன்னது போன வருஷத்துக் கணக்கு.

மூன்றாவது. மதுரையில் ஏற்கெனவே விழுங்குகிற எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டை நான் படித்தேன். நான் கெமிஸ்ட்ரி படித்தவள், எனக்குப் புரியாத வார்த்தை அதில் ஒன்றும் இல்லை. மடித்து அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவள் பேச்சுப் போனது, நடை போனது, கை போனது. அவளுக்கு நான் ஊட்டுவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் எழுதிக்கொடு என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நீங்கள் தலையாட்டாதே என்று சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. தப்பு உங்கள்மேல் இல்லை. உங்களுக்கு நான் எதைச் சொன்னேன், எதை வைத்து நீங்கள் முடிவெடுப்பீர்கள்?

சாயங்காலம் துணி காயப்போடுகிற இடத்தில் நிஷா அக்கா என்னைப் பிடித்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி கடைசியில் இதையும் கேட்டேன், "அப்ப அவங்க அப்பா நினைக்கவே இல்லையாக்கா?"

அக்கா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தார்கள். "ஏட்டி கிறுக்கி. டியூபு வச்சப் பொறவு என் மவனுக்கு வருஷம் ரெண்டா புரையே ஏறல. அதுக்காவ துபாய்ல கெடக்க அவன் வாப்பா புள்ளைய நெனக்கலன்னா அர்த்தம்? அந்த மனுசன் ஒரு நாளைக்கு எட்டு வாட்டி வீடியோ கால் பண்ணி என் உசுர வாங்குதாரு."

பிறகு என் ஈரச் சட்டைகளையும் சேர்த்துப் பிழிந்து போட்டார்கள்.

மே 16, வெள்ளி. இரவு 10.30

காலையில் பொங்கல். ஆறு வாய். சிவப்பு. நிறுத்திவிட்டேன்.

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மணி பார்த்தால் பதினான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. மிச்சம் ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. கைக்கு வேலையில்லை. அவளை வெயிலில் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் கைகள் வழக்கம்போல ஒன்றையொன்று கழுவிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கடைசியில் உங்களைப் பற்றிச் சொன்னேன். ஸ்பூன் இல்லாமல், வாய்க் கணக்கு இல்லாமல், சும்மா. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் காபியைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டு, வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். நிறுத்திவிட்டு இரண்டு அட்டைகளையும் காட்டினேன். பச்சை. உங்கள் முதல் கப்பலில் நீங்கள் வாந்தியெடுத்தே பசிபிக்கைத் தாண்டியதைச் சொன்னேன். பச்சை. நீங்கள் யாரிடமும் சொல்லாதே என்ற அந்தக் கராச்சித் துறைமுகக் கதையையும் சொல்லிவிட்டேன். பச்சை, பச்சை. சிரித்துச் சிரித்து எச்சில் ஒழுகியது. ஆறு வருஷத்தில் அவளுக்கு உங்களைப் பற்றி இவ்வளவு நேரம் நான் சொன்னதே இல்லை. ஒரு வாய் அளவுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் கலை நிகழ்ச்சி. பிள்ளைகள் கண்ணால் கட்டளையிட, பெற்றவர்கள் செய்யவேண்டும். கோகிலா அவளிடம், "அம்மா பாடோணுமா, ஆடோணுமா?" என்று இரண்டு படங்களைக் காட்டினாள். நம் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதினான்கு குடும்பத்துக்கு முன்னால், ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக நான் ஆடினேன். மூச்சு வாங்கி நிறுத்தினால் பச்சை. மறுபடி நிறுத்தினால் பச்சை.

"செரி, போதுஞ்செரி, அக்கா பாவம்!" என்று கோகிலா கத்தினாள். இரண்டு செரிக்கும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பச்சையைப் பார்த்தாள், ராட்சசி.

டாக்டரிடம் நேராகக் கேட்டேன். ஆறு வாயை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வாழமுடியுமா? முடியாது என்றார்கள். டியூப் வைத்த பிறகு, பத்திரமான பதத்தில், ருசிக்காக அந்த ஆறு வாயை நான் ஊட்டலாமா? பரிசோதனை பார்த்துச் சொல்கிறேன், பெரும்பாலும் ஊட்டலாம் என்றார்கள்.

இன்று ஒரே ஒரு தடவை. ஆனால் நீங்கள் நாள் முழுக்க நினைத்திருப்பீர்கள் என்று தெரியும்.

மே 17, சனி. காலை, வேன் வருவதற்குள்

பை கட்டியாகிவிட்டது. நிஷா அக்கா டப்பாவில் மிச்சமிருந்த அல்வாவை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோகிலா அட்டைகளை என் கைப்பையில் வைத்துவிட்டு அழுகிறாள். "இனி காலேஜ்ல எவளாவது செரின்னு சொன்னா நான் திரும்பிப் பாப்பனுங்க்கா" என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என் ஒரு கையெழுத்தே போதுமாம். எனக்குப் போதாது. இவ்வளவு நாள் உங்களிடம் பொய் சொல்லித் தனியாக இருந்தேன், இதில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதி ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று சொல்ல நினைக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதிக்குள் சொல்லவேண்டும்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். திட்டுவதை வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக எழுதக்கூட வேண்டாம். வாய்ஸ் மெசேஜில் பொள்ளாச்சிக்காரி மாதிரி ஒரு சொல் சொன்னால் போதும், செரி என்று. அவள் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பேன். உங்கள் குரலுக்கு அவள் எப்படியும் திரும்புவாள்.

சிங்கப்பூர் வந்து இதைப் படித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.